ஒன்று கூடுதல்

வியாழக்கிழமை எண்ணினேன். எட்டு.
ஏடு ஏழு என்றது.
ஒவ்வொரு டிரம்மின் மூடியையும் விரலால் தொட்டு
மறுபடி எண்ணினேன்.
எட்டுதான்.

ஒன்று குறைந்திருந்தால் இந்நேரம் ரகளை.
சாத்தப்பன் செருப்புக்கூடப் போடாமல் ஓடி வந்திருப்பார்,
வாட்ச்மேனின் சாப்பாட்டுத் தூக்குவரை சோதனை நடந்திருக்கும்.
கூடினால்
யாருக்கும் எதுவும் தொலையவில்லை.
"லாபம்னு வச்சுக்க, ஜெபமாலை" என்று சிரித்தார்.

பள்ளத்தூர்ச் சாலையில் எங்கள் சாயப்பட்டறை.
கண்டாங்கிச் சேலைக்கு நூல் நனைக்கிற இடம்.
அரக்கும் மஞ்சளும் முன்கட்டில் காயும்.
பின்கட்டு என் பொறுப்பு:
ஈரம் பட்டால் புகைந்து பற்றுகிற ஹைட்ராஸ்,
அதன் கண்ணில் படாமல் தள்ளி வைக்கவேண்டிய பெராக்சைடு,
அப்புறம் காஸ்டிக் சோடா. அது தனிக் கதை.
காற்றின் ஈரத்தைக் குடித்துக் குடித்துத்
தன் எடையைத் தானே ஏற்றிக்கொள்ளும்.
போன ஆடியில் கட்டுப் பிரிந்த ஐம்பது கிலோ மூட்டை
ஐம்பத்திரண்டு காட்டியது.
தராசில் பழுதில்லை.
"சோடா ஐம்பது, தண்ணீர் இரண்டு, கெட்டது" என்று எழுதினேன்.
அன்றிலிருந்து எனக்குக்
கூடுதல் என்றால் பயம்.

எட்டாவது டிரம் நீலம்.
சீட்டுக் கிழித்த இடத்தில் பசை மட்டும்.
மூடி லேசாக உப்பியிருந்தது.
டெம்போ ஓட்டும் மாயழகு மூன்று நாள் மழுப்பினான்,
நாலாம் நாள் சொன்னான்:
"கோட்டையூர்ல மூடுன யூனிட்டுக்கா. சும்மா கெடந்துச்சு.
உள்ள என்னன்னு அவுகளுக்கே தெரியல.
கவுத்துட்டுக் கொடுத்தா
டிரம்முக்கு முந்நூறு தேறும்ல."
கவுத்துட்டு.
எங்கே கவிழ்ப்பாய் என்று நான் கேட்கவில்லை.
பின்னால் ஊருணி இருக்கிறது.

ஏட்டைத் திறந்தேன்.
பொருள்: தெரியாது.
அளவு: ஒரு டிரம், அசைத்துப் பார்க்கவில்லை.
இடம்: வடகிழக்கு மூலை, ஜன்னலடி.
வந்த வழி: மாயழகு.
மதிப்பு: வெறும் கோடு.

சாத்தப்பன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் படித்தார்.
"தெரியாதுன்னு ஒரு சரக்கா?
ஐந்தொகையில இதை எந்தப் பக்கம் சேர்ப்பே?
அடிச்சு விடு."
"மையில எழுதுனது" என்றேன்.
வேறு ஒன்றும் சொல்லத் தோன்றவில்லை.
மாசுக் கட்டுப்பாட்டு ஆபீசுக்கு நானே போன் போட்டேன்.
அடுத்த வாரம் வருகிறோம் என்றார்கள்.
வந்தது ஐப்பசி மழை,
ஞாயிறு ராத்திரி இரண்டு மணிக்கு மின்கசிவு,
முன்கட்டில் தீ.

காரைக்குடி வண்டியிலிருந்து இறங்கிய அதிகாரி
வணக்கம்கூடச் சொல்லவில்லை.
"உள்ள என்ன இருக்கு?"
ஏட்டின் நகல் எப்போதும் என் வீட்டில், அரிசி டப்பாமேல்.
நைட்டிமேல் துண்டைப் போட்டு எடுத்துவந்திருந்தேன்.
யாரோ பைக் விளக்கைத் திருப்பிக் காட்டினார்கள்.
வாசித்தேன், வெளிச்சத்தில் மழை ஊசி ஊசியாய் இறங்க.
ஹைட்ராஸ், ஏழு, மேற்குச் சுவர்.
பெராக்சைடு, நாலு கேன், கிணற்றுப் பக்கம்.
கடைசி வரிக்கு வந்ததும் நிறுத்தினார்.
"தெரியாதுன்னா எழுதியிருக்கீங்க?"
"ஆமா."
ஒரு நொடி என்னைப் பார்த்தார்.
பிறகு கத்தினார்:
"பின்கட்டுக்குத் தண்ணி வேணாம்! மண்ணு! மண்ணு!
வடகிழக்கு ஜன்னல் கிட்ட எவனும் போகாதே!"

ஜன்னல் கம்பியில் கை வைத்திருந்த ஒரு பையன்
சுட்டதுபோல் கையை எடுத்தான்.
மீசை சரியாக அரும்பவில்லை அவனுக்கு.

நாற்பது கிலோ நூல் கரியாயிற்று.
அதையும் எழுதினேன்.

ஒரு மாதம் கழித்துச் சோதனைச்சாலைக் கடிதம் வந்தது.
அந்தப் பெயரை எனக்கு உச்சரிக்க வரவில்லை,
எழுத வந்தது.
பழைய வரியை அடிக்காமல் அதன் கீழே,
சிவப்பு மையில், தேதி போட்டு.
சாத்தப்பன் இந்தமுறை கண்ணாடியை ஏற்றாமலே கையெழுத்திட்டார்.

மாயழகு மட்டும் இன்னும் விடவில்லை.
"அக்கா, அந்தக் காலி டிரம் என்னாச்சு?"

ஏட்டிலே இருக்கு,
போய்ப் பாருடா.