வால் உடைந்த ழ

மண்டபத்தில் குளிரூட்டி பழுது.
திரையில் பனி கொட்டிக்கொண்டிருந்தது.
நிகழ்ச்சித்தாளை மடித்து விசிறியபடி
டோக்கியோவின் குளிரைப் பார்த்திருந்தோம்.
கொழும்பு ஏழு. அனுமதி இலவசம்.
வாசலில் தந்த பச்சைத் தேநீரில்
சீனி இல்லை.

கறுப்பு வெள்ளைப் படம்.
போர் தோற்ற மூன்றாம் வருசம்.
குண்டு விழுந்த வளவுகளில் சந்தை.
பட்டாளத்துச் சப்பாத்தை விற்றவன்
வெறுங்காலோடு நின்று காசை எண்ணுகிறான்.
பொதுக் குளியலறையின் பின்புறம் ஒருவன்
கள்ள அரிசிக் கூப்பன் அச்சடிக்கிறான்.
துப்பறிகிறவனிடம் ஒரு கையுறைதான்;
மற்றது இருமுகிற மனைவியிடம்.

பிடிபட்ட கூப்பன்களைப்
பாயில் பரப்பி வைத்துப் பார்க்கிறான்.
எல்லா முத்திரையிலும்
ஒரே கோடு குறைகிறது.

எனக்கு அப்போதுதான் வியர்த்தது.

கொட்டாஞ்சேனை, அருளப்பு லொட்ஜ்,
இரண்டாயிரத்து ஏழு. வரவேற்பு மேசையில் நான்.
வடக்கிலிருந்து வந்த ஒவ்வொரு தலைக்கும்
பொலிசுக்கு ஒரு படிவம், கார்பன் வைத்து மூன்று பிரதி.
முழுப்பெயர். தொழில். கொழும்பு வந்த காரணம்.
முதலாளியின் தட்டச்சுப் பொறியில்
ழ-வுக்கு வால் உடைந்திருந்தது.
முமுப்பெயர். தொமில். கொமும்பு.
அந்தக் கொமும்பில்தான்
நாங்கள் இரவு இரவாகக் கதவு தட்டப்படக் காத்திருந்தோம்.

ஐந்து படிவம் பொய்.
கிளிநொச்சியில் பிறந்தவர்களைப்
பண்டாரவளையில் பிறக்க வைத்தேன்.
காசுக்கா என்றால், ஓம், மூன்றுக்கு வாங்கினேன்.
நாலாவது பயத்தில்.
ஐந்தாவது கமலரூபன். பத்தொன்பது வயது.
பாணின் கரையை முதலில் பிய்த்துத் தின்று
நடுவைக் கடைசிக்கு வைப்பவன்.
அவனுக்கு ஏன் செய்தேனென்று
இன்னும் எனக்கு ஒழுங்காகச் சொல்ல வராது.

வந்த பொலிஸ்காரர் ஒருவருக்கும்
தமிழ் வாசிக்கத் தெரியாது.
முத்திரை குத்தினார்கள், பிளேன்ரீ குடித்தார்கள், போனார்கள்.
எத்தனை நூறு கொமும்பு
அந்த ஸ்டேசன் அலுமாரியில்!
ஒருவரும் பரப்பி வைத்துப் பார்க்கவில்லை.
என் மொழியை மதியாததால்
நான் தப்பினேன்.

கமலரூபன் ஒரு செவ்வாய்க்கிழமை
மெயின் வீதிக்குச் சேர்ட் வாங்கப் போனான்.
எட்டாம் அறையில் அவன் சவர்க்காரம்
காய்ந்து வெடிக்கும்வரை
நான் அறையை வாடகைக்கு விடவில்லை.
பிறகு விட்டேன்.

திரையில் கள்ளன் விலங்கோடு போய்விட்டான்.
துப்பறிகிறவன் வீட்டுக்கு வருகிறான்.
மனைவி சோறு வைத்திருக்கிறாள், வெள்ளைச் சோறு.
மேசையில் கிழித்த கூப்பனின் மிச்சம்.
அவன் அதை விளக்குக்கு நேரே பிடிக்கிறான்.
கோடு இல்லை.
கமரா அசையவில்லை.
அவன் சாப்பிடுகிறான்.
இன்னொரு தரம் கிண்ணத்தை நீட்டுகிறான்.

பக்கத்துக் கதிரையில் ஒருவர்;
தலைவெட்டைப் பார்த்து
பென்சன் எடுத்த பொலிஸ் என்று நானே நினைத்துக்கொண்டவர்.
'பவ்' என்றார், மெல்ல.
யாருக்கென்று கேட்கத் துணியவில்லை.
எங்கள் மொழியிலும் அது ஒரே சொல்தான்:
செய்தவனுக்கும் பாவம்,
பட்டவனுக்கும் பாவம்.
வெளிச்சம் போட்டதும் அவர்
என் காலடியில் விழுந்த நிகழ்ச்சித்தாளை எடுத்துத் தந்தார்.

வெளியே நடைபாதைக்குப் புதுக் கல் பதித்திருக்கிறார்கள்.
மணல்மூட்டை அடுக்கியிருந்த மூலையில்
பழச்சாறு விற்கிறான் ஒரு பொடியன்.
என் பையைத் திறக்கச் சொல்ல யாருமில்லை.
ஆனாலும் கை
தானாகச் சிப்பைத் தேடியது.

'எங்கே?' என்றான் பஸ் நடத்துனர்.
கொட்டாஞ்சேனை என்றேன்.
நல்லகாலம்,
அதில் ழ இல்லை.