இரண்டும் பீச்சாங்கை

கோப்லியில்,
துறைமுகக் காற்று தகரத்தைத் தட்டிப்பார்க்கும் கடைசி வரிசையில்
நாற்பத்தேழாம் கராஜ் என்னுடையது.
கார் கிடையாது.
ஒரு அடிமரம், அதன் தலையில் கிண்ணமாய்க் குடைந்த குழி,
ஏழு சுத்தியல்,
எந்தத் தூதரகமும் விசா தராத ஒரு நூற்றாண்டு.

பகலில் பல் செய்கிறேன்.
அரை மில்லிமீட்டர் பிசகினாலும்
யாரோ ஒருவர் சூப் குடிக்கும்போது என்னைத் திட்டுவார்.
இரவில் எஃகு.
இதை வைத்து யாரும் மெல்லப்போவதில்லை.

"யாரோடு சண்டை, ஹெல்வே?"
நாற்பத்தாறாம் கராஜின் ராய்வோ கேட்டார்,
மாஸ்க்விச் காருக்கு அடியிலிருந்து, பாதங்கள் மட்டும் தெரிய.
யாரோடும் இல்லை என்றேன்.
"அப்போ சரி. எனக்கும் எங்கேயும் போகவேண்டியதில்லை."
அந்த வண்டி ஓடிப் பதினோரு வருடம்.

கையுறை எளிதென்று நினைத்தேன்.
மணிக்கட்டில் உடுக்கையாய் ஒடுங்கி
முழங்கை நோக்கி விரியவேண்டும்.
விரலுக்கு ஐந்து செதில், கட்டைவிரலுக்கு மூன்று.
மாதிரியை ஓட்ஸ் பெட்டியின் அட்டையில் வெட்டினேன்,
ஒரு பிள்ளை கரண்டியோடு சிரிக்கும் பக்கம் மேலே இருக்க.

முதலில் தகடு 'தொப்'பென்று வாங்கிக்கொள்ளும்.
அடிக்க அடிக்க இறுகி
ஒரு கட்டத்தில் 'டங்' என்று எதிர்த்துப் பேசும்.
அதற்குமேல் ஒரு அடி வைத்தால் கீறிவிடும்.
வைக்காவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.
சூடு காட்டினால் கோதுமை நிறம், பிறகு கத்திரிப்பூ,
பிறகு ஒரு நீலம்.
அதற்குப் பெயர் தேடுவதற்குள் போய்விடும்.

ஒருநாள் சுவரை யாரோ இடித்தார்கள்.
சத்தம் பொறுக்கவில்லை போலும் என்று நிறுத்தினேன்.
அந்தப் பக்கமும் நின்றது.
அடித்தேன்; அங்கேயும் அடி.
துருவேறிய போல்ட் ஒன்றை அசைக்க
மனிதர் என் தாளத்தைக் கடன் வாங்கியிருந்தார்.
அன்று போல்ட் வரவில்லை.
எனக்கு இரண்டு செதில் வந்தன.

நவம்பரில் இடக்கை முடிந்தது.
மார்ச்சில் அடுத்தது.
கடைசி ஆணியையும் அடித்துத் தலை மழுக்கிவிட்டு
வலது தோலுறையை உள்ளே செருகினேன்.
கட்டைவிரல் போகவேண்டிய இடத்தில் சுவர்.
கட்டைவிரல் இல்லாத பக்கத்தில்
அழகான, மூன்று செதில் வைத்த, காலியான கட்டைவிரல்.

அட்டையைத் திருப்பிப் போட்டு வரையவில்லை.
இரண்டு தடவையும் அந்தப் பிள்ளை சிரித்துக்கொண்டே இருந்திருக்கிறான்.

நாலு மாதம்!
எஸ்தோனிய மொழியில் எனக்குத் தெரிந்த எல்லாக் கெட்டவார்த்தைக்கும்
அன்று வேலை கிடைத்தது.
தீர்ந்தபின் ரஷ்ய மொழியில் தொடர்ந்தேன்.
கதவில் ராய்வோ.
மேசையில் அருகருகே கிடந்தவற்றைப் பார்த்தார்.
ஒன்றின் உள்ளங்கையோடு மற்றதைச் சேர்த்துவைத்தார்.
கட்டைவிரல்கள் ஆளுக்கொரு திசை.
"கும்பிட ஆகாது," என்றார்.

கைகூடவில்லை என்பதை
இவ்வளவு கனமாக யாரும் செய்து பார்த்திருக்கமாட்டார்கள்.
ஜோடி ஒன்று ஒன்றரைக் கிலோ.

பிறகு, கேட்காமலே,
கிரீஸ் படிந்த தன் இடக்கையை ஒன்றுக்குள் நுழைத்தார்.
இன்னொன்றை என் இடக்கைக்கு நீட்டினார்.
எதிரும் புதிருமாக நின்றோம்.
பிடித்தது.
செதிலோடு செதில் கவ்விக்கொண்டு
கட்டைவிரல் மேல் கட்டைவிரல் சரியாக உட்கார்ந்து,
நான் அளந்து செய்த எந்தப் பல்லும்
எந்த ஈறிலும் இப்படிப் பொருந்தியதில்லை.

விட்டபோது என்னுடையது கழன்றது.
அவருடையது கழலவில்லை.
நடுவிரல் கணு, ஏதோ பழைய முறிவு, வீங்கியிருந்தது.
சோப்பு போட்டோம். எஞ்சின் ஆயில் ஊற்றினோம்.
"அவசரமில்லை," என்றார்,
இரும்புக் கையால் என் காப்பிக் கோப்பையை எடுத்தபடி.
"சூடே தெரியவில்லை பார்."

பத்தரை மணிக்குத்தான் வந்தது,
கொஞ்சம் தோலோடு.

வலக்கைக்குத் தகடு இன்னும் வெட்டவில்லை.
சுவருக்கு அப்பால் போல்ட் ஒன்று முனகுகிறது.
ஓட்ஸ் பெட்டிப் பிள்ளை
மேசையில் குப்புறக் கிடக்கிறான்.