தாகுனாவில் காற்றில்லாத நாள்

கடல் உறையட்டும் என்று பதினாறு வருடம் காத்திருந்தேன்.
கப்பலில் கால் வைக்க மாட்டேன் என்று அப்பாவிடம் சத்தியம்.
அவர் கேட்கவில்லை, நானாகச் செய்தது.
ஒரு பிப்ரவரியில் ஹீயுமா தீவுக்குப் பனிச்சாலை திறந்தார்கள்.
இருபத்தாறு கிலோமீட்டர், கடலின் மேல்.
சீட் பெல்ட்டைக் கழற்றுங்கள் என்றது பலகை.
பனி உடைந்தால் குதிக்க வேண்டும் அல்லவா.
ஒரு கை ஸ்டீயரிங்கில், ஒரு கை கதவில்.
லாக்லேயின் தலைக்கு மேல் ஓட்டிப்போகிறேன் என்று தோன்றியது.
அவள் அங்கே இல்லை.
இன்னும் மேற்கே, இன்னும் ஆழத்தில்.
வரைபடம் எனக்கு மனப்பாடம். இருந்தாலும்.

அக்கா கப்பல் கடையில் வாசனைத் திரவியம் விற்றாள்.
இருபத்திரண்டு வயது.
வீடு திரும்பும் நாளில்
மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை ஏழு வாசனை.
கண்ணை மூடி, எது எந்த ஊர் என்று நான் சொல்ல வேண்டும்.
எல்லாவற்றுக்கும் பாரிஸ் என்பேன்.
எனக்குத் தெரிந்த வாசனையான ஊர் அது ஒன்றுதான்.
நாடு விடுதலையாகி மூன்று வருடம்.
அதன் பெயரையே கப்பலுக்கும் வைத்திருந்தார்கள்.
செப்டம்பர் இருபத்தெட்டு காலை,
'எஸ்தோனியா மூழ்கிவிட்டது' என்றது வானொலி.
பக்கத்து வீட்டு ஊர்வே சன்னலைத் திறந்து
தெரு இருக்கிறதா என்று பார்த்தாள்.

துறைமுகக் கண்ணாடியில் பட்டியல் ஒட்டினார்கள்.
பிழைத்தவர்கள்: எல். பிஹ்லாக்.
அப்பா அந்த 'எல்'லை விரலால் தொட்டார்.
இரண்டு நாள் எங்கள் வீட்டில் அவள் உயிரோடு இருந்தாள்.
அப்பா அவள் படுக்கைக்கு விரிப்பு மாற்றினார்.
கம்பளிக் காலுறைகளை அடுப்படியில் காயப்போட்டார்,
ஈரத்தோடு வருவாள் என்று.

மூன்றாம் நாள் அது லெம்பிட் பிஹ்லாக் என்றார்கள்.
லாரி ஓட்டுநர். வேறு ஊர். உறவும் இல்லை.
நவம்பரில் அவர் வந்தார்.
தொப்பியைக் கையில் சுருட்டிக்கொண்டு
வாசலிலேயே நின்று சொன்னார்:
"மன்னியுங்கள். அது நான்தான்."
அப்பா காபி ஊற்றினார்.
அவர் கோப்பையைத் தூக்கவில்லை.
குனிந்து, மேசையிலிருந்தே உறிஞ்சினார்.
கொண்டுவந்த கேக்கை யாரும் வெட்டவில்லை.

தாகுனா முனையில்
இரும்புச் சட்டத்தில் ஒரு மணி தொங்குகிறது.
மணியில் குழந்தை முகங்கள்.
அன்றிரவின் காற்று அதே திசையில், அதே வேகத்தில்
அடித்தால் மட்டும் ஒலிக்கும் என்கிறார்கள்.
ஐந்து முறை போய்விட்டேன்.
சத்தியத்தை மீறிக் கப்பலிலும் போகப் பழகிவிட்டேன்.
ஒருமுறைகூடக் கேட்டதில்லை.
அந்தக் காற்று அடிக்கும் நாளில்
தீவுக்குக் கப்பல் விடுவதில்லை, அவ்வளவுதான்.
'ரத்து' என்று மின்பலகை சொல்ல, வரிசையிலிருந்து
காரைத் திருப்பியிருக்கிறேன்.
அக்கரையில் அப்போது ஒலித்துக்கொண்டிருக்கும்,
கலங்கரை விளக்கமும் பைன் மரங்களும் கேட்க.

நேற்று இலை அசையவில்லை.
ஒரு பையன் மணியைக் கையால் தள்ளினான்.
அவன் அம்மா என்னைப் பார்த்தாள்,
அவனை இழுத்துக்கொண்டாள்.
பரவாயில்லை என்றேன்.
பரவாயில்லைதான்.
சமையலறையில் பாத்திர மூடி விழுந்த மாதிரி
ஒரே ஒரு சத்தம்.

சாயங்காலம் எச்சரிக்கை வந்தது.
தென்மேற்குக் காற்று, நள்ளிரவுக்கு மேல் வலுக்கும்.
ஏழு மணிக் கப்பல்தான் கடைசி.
தங்கியிருந்தால் கேட்டிருக்கலாம்.
ஹெல்டெர்மா துறையில் எஞ்சினை அணைத்தேன்,
போட்டேன், மறுபடி அணைத்தேன்.
பின்னால் ஒருவர் ஹாரன் அடித்தார்.
மஞ்சள் சட்டைக்காரன் வா என்று கையசைத்தான்.
ஏற்றிவிட்டேன்.

எல்லோரும் மேல்தளத்துக்குக் காபிக்குப் போனார்கள்.
நான் காருக்குப் பக்கத்தில் நின்று
முன்கதவு மூடுவதைப் பார்த்தேன்.
மூடும் வரை.
மூடிய பிறகும் கொஞ்ச நேரம்.
"ஏதாவது வேண்டுமா?" என்றான் மஞ்சள் சட்டைக்காரன்.
தாழைக் காட்டி, "போட்டாச்சா?" என்றேன்.
இருபத்திரண்டு வயது இருக்கும் அவனுக்கு.
சிரிக்கவில்லை.
திரும்ப நடந்துபோய்
ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டு வந்தான்.