நாலே முக்கால் லிட்டர்

ஊரே பாசியைச் சுரண்டி எறிகிறது.
ஞாயிறுதோறும் மேல்தொட்டிக்குள் ஒருவர் இறங்க
தேங்காய்நார், பிளீச்சிங் பவுடர், வசவு.
நான் ஒருத்திதான் கோயமுத்தூர் போய்
எண்ணூறு ரூபாய் கொடுத்து
ஒரு சீசா பாசி வாங்கி
மடியில் வைத்துக்கொண்டு பல்லடம் வழியாக வந்தவள்.
"என்னங்க அது, மருந்துங்களா?" என்றார் கண்டக்டர்.
"உசுருங்க."
அதற்கு டிக்கெட் போடவில்லை.

காங்கேயத்தில் வெயிலுக்கு என்றைக்கும் பஞ்சமில்லை.
ஆலைகள் உமியை எரித்து நெல் அவிக்கின்றன.
புகை மேலே போகிறது, கேட்பாரில்லை.
ஊறல் தண்ணீர் கீழே போகிறது,
அதைக் கேட்டு வந்த வாரியத்தின் நோட்டீஸ்
நல்லசிவம் மேசைக் கண்ணாடிக்கடியில்
குலதெய்வப் படத்துக்குப் பக்கத்தில் இருந்தது.
"ரெண்டையும் எனக்குக் குடுங்க" என்றேன்.
"பொகையையுமா அம்மிணி?"
"பொகையையுந்தானுங்க."
"காசு கேக்காத வரைக்கும்
எதை வேணா எடுத்துக்கங்க."

சாயப்பட்டறை லேபில் பன்னிரண்டு வருஷம்
நிறம் கலந்தவள் நான்.
நொய்யலுக்கு என்னைத் தெரியும்.
அதற்கு மேல் இங்கே எழுத மாட்டேன்.

தார்ப்பாய் விரித்த நீள்வட்டத் தொட்டி.
துடுப்புச் சக்கரம் ஒன்று, நிற்கக் கூடாதது.
குழாய் வழியே வந்து புகை கொப்புளிக்க
முதல் வாரம் பயறு கழுவிய தண்ணீர்,
அப்புறம் முருங்கைக்கீரை வெந்த தண்ணீர்,
பதினெட்டாம் நாள் முழங்கை வரை விட்டால்
விரல் தெரியாத பச்சை.

பத்தொன்பதாம் நாள் விடிகாலை
பாய்லர்க்காரர் ஜோதிமாணிக்கம் கூப்பிட்டார்.
"அக்கா, தொட்டி டீத்தண்ணியாட்ட ஆயிப்போச்சுங்க."
கொறங்காட்டில் மாட்டை நிறுத்தக்
கிளுவை வேலி உண்டு, படல் உண்டு.
இந்த மேய்ச்சலுக்கு எதை நடுவது?
ஒரு சொட்டை லென்சுக்கடியில் வைத்தேன்:
தலையில் இரண்டு சக்கரம் சுழல,
வயிறு கண்ணாடியாகத் தெரிய,
அதற்குள் என் டீசல்.

வீட்டுப் பிரிட்ஜில், தயிருக்குப் பின்னால்,
ஒரு சீசா ஒளித்து வைத்திருந்தேன்.

மறுபடி பயறுத் தண்ணீரிலிருந்து.
ஆடிக்காற்று மண்ணை வாரிக் கொட்டியது; வலை கட்டினேன்.
படிகாரம் போட்டுத் தெளியவைத்து,
சென்னிமலைப் போர்வையில் வடிகட்டி,
மொட்டைமாடியில் வடகம் போலக் காயவைத்து,
கரைப்பான் ஊற்றி, காய்ச்சி, மெத்தனால் சேர்த்து,
கிளிசரின் அடியில் தங்க, மேலே நின்றது
நாலே முக்கால் லிட்டர்.

நல்லசிவம் கால்குலேட்டரில் இரண்டு முறை தட்டினார்.
லிட்டர் ஆயிரத்து நூற்றுப் பத்து.
"ஊத்துக்குளி நெய்யை ஊத்தி ஓட்டிரலாமே அம்மிணி,
மிச்சமாகுமே."
சிரித்தேன்.
அழுதது அவர் போன பிறகு.

புரட்டாசிச் சனிக்கிழமை.
மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு,
ஒன்பதிலிருந்து ஐந்து.
பழைய ஆயில் என்ஜினிலிருந்து சக்கரத்துக்குப் பட்டை மாட்டி
அந்த எண்ணெயை ஊற்றினேன்.
மூன்றாவது சுற்றில் பிடித்துக்கொண்டது.
விரதத்தில் இருந்த நல்லசிவம் ஆபீஸ் வாசல் வரை வந்து
"ஆருங்க அது, இன்னைக்குப் பாத்து மீன் வறுக்கறது?" என்றார்.
என்ஜின்தான் வறுத்தது.
பச்சை, தன்னைத் தானே கலக்கிக்கொண்டு,
ஒரு மணி வரை ஓடியது.

பிறகு நின்றது.
சக்கரம் நின்றால் பாசி படியும், படிந்தால் அழுகும்.
அந்தப் பக்கம் ஜோதிமாணிக்கம், இந்தப் பக்கம் நான்,
துடுப்பைக் கையால் தள்ளினோம்.
நாம் விடுகிற மூச்சும் அதற்குத் தீனிதான் என்றேன்.
"நல்லாத்தானுங்க மூச்சு வாங்குது,
திங்கட்டும்" என்றார்.

ஐந்தேகாலுக்குக் கரண்ட் வந்தது.
நோட்டில் எழுதினேன்:
எண்ணெய், நாலு மணி நேரம்.
ஆள் இரண்டு, நாலேகால் மணி நேரம்.
தக்காளி சாதம் இரண்டு பொட்டலம், எண்பது ரூபாய்.
ஊறுகாய் நல்லசிவம் வீட்டிலிருந்து;
கணக்கில் வராது.