ஒன்று முதல் ஐந்து வரை

தலைமை அலுவலகத்திலிருந்து தாள் வந்திருக்கிறது.
இருபத்திரண்டு வாக்கியங்கள்.
ஒவ்வொன்றின் எதிரிலும் ஐந்து வட்டங்கள்,
சலவை இயந்திரங்களின் வாய்போல
திறந்து காத்திருக்கின்றன.
பெயர் எழுத வேண்டாமாம்.
நான்காம் மாடியில் படுக்கை விரிப்பவள் நான் ஒருத்திதான்.
லம்சீரா என்று எழுதாவிட்டால் தெரியாதா என்ன!

வெளியே பத்தூமியின் மழை.
கருங்கடல் தெரியும் அறைக்கு வாடகை கூடுதல்.
இந்த மாதிரி நாட்களில் கடல் தெரியாது,
வாடகை மட்டும் தெரியும்.

"அந்நியர்களோடு பழகுவது எனக்குப் பிடிக்கும்."
அந்நியர்களை நான் பார்ப்பதே இல்லை.
தலையணையில் ஒரு தலை விட்டுப்போன பள்ளம்,
கூடையில் கிழித்துப்போட்ட கடிதத்தின் பாதி,
குழாயடியில் மறந்துபோன பல்செட்.
இவற்றோடு நன்றாகவே பழகுகிறேன்.
மூன்று.

ஒன்பதாவது:
"கலகலப்பானவர் என்று என்னைச் சொல்வார்கள்."
இதை எத்தேரியிடம் அல்லவா கேட்க வேண்டும்.
எதிர்ச்சாரி ஹோட்டலில் அவளுக்கு முசுடு என்று பெயர்.
கண்ணாடிமுன் நிறுத்தி, பென்சிலைக் கடிக்கவைத்து,
சிரிக்கப் பழக்கினார்கள்.
எட்டுப் பல் தெரியவேண்டும்.
அவளுக்கு ஆறுதான் வந்தது.
இங்கே ம்ஸேவினார் அவளைச் சற்றுநேரம் பார்த்தாள்,
"இரவு மேசை உனக்கு" என்றாள்.
அவ்வளவுதான் நேர்முகம்.
பின்னிரவு இரண்டு மணிக்கு
நனைந்த கோட்டோடு வந்து நிற்பவனுக்கு
எதற்கு எட்டுப் பல்?
சாவியை நகர்த்துகிறாள்.
வெந்நீர் இடப்பக்கம் என்கிறாள்.
அதே வாய், அதே ஆறு பல்.
விருந்தினர் புத்தகத்தில் இப்போது அவள் பெயர் அடிக்கடி வருகிறது,
எழுத்துப் பிழையோடு.

ம்ஸேவினாரைத் தேவதை என்று சொல்ல வரவில்லை.
காகிதச் செருப்பைக்கூடத் துடைத்து
மறுபடி வைக்கச் சொல்கிறவள் அவள்.
ஆனால் வாய் ஓயாத கோச்சாவை
வரவேற்பறையிலிருந்து எடுத்துப் பின்வாசலில் போட்டாள்,
காய்கறி வண்டிக்காரர்கள் இப்போது
நேரத்துக்கு முன்பே வந்துவிடுகிறார்கள்.

பதினேழில் மாட்டிக்கொண்டேன்.
"என் நிறுவனம் என்னை நம்புகிறது."

பழைய இடத்தில் பணி முடிந்ததும் பை திறக்கவேண்டும்.
சோப்புத் துண்டு இல்லை, தேயிலைப் பொட்டலம் இல்லை,
இல்லை இல்லை என்று தினமும் காட்டவேண்டும்.
நானோ எதையும் எண்ணுகிற பிறவி.
ஆயிரத்து நூற்று நாற்பது முறை திறந்தேன்.

இங்கே முதல்நாள் மாலை
பையை விரித்துப் பிடித்துப் பின்வாசலில் நின்றேன்.
கோச்சா எட்டிப் பார்த்தான்.
ஏதோ கேட்டு நிற்கிறாள் என்று நினைத்திருப்பான்.
மேசையிலிருந்த மாண்டரின் பழங்களில் இரண்டை எடுத்து
உள்ளே போட்டான்.
பேச்சு நிற்கவில்லை,
மருமகன் கார் வாங்கி ஏமாந்த கதை.

மறுநாளும் திறந்தேன். கை அப்படிப் பழகிவிட்டது.
மாண்டரின் பருவம் முடிந்து
வால்நட் விழுந்தது சில நாள்.
பிறகு ஒருநாள்
இரண்டு உள்ளங்கையையும் விரித்துக் காட்டினான்,
ஒன்றுமில்லை என்று.
அவன் எனக்குக் காட்டினான்!
பையை மூடப் போனேன்,
திறந்தே கிடந்த ஜிப் நகரவில்லை.
அவன்தான் மெழுகு தேய்த்து இழுத்துவிட்டான்.

பதினேழின்மேல் பென்சில் நிற்கிறது.
ஐந்தைத் தொட்டது, யோசித்தது, ஒரு வட்டம் பின்வாங்கியது.
நான்கு.
ஐந்து போடுவது என் சுபாவத்தில் இல்லை;
இதில் ம்ஸேவினார் செய்வதற்கு ஒன்றுமில்லை.

தாளின் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி:
பென்சிலைத் திருப்பித் தரவும்.
பையில் போட்டுக்கொண்டு
பின்வாசல் படியிறங்கினேன்.
பதினான்கு படி.
எண்ணித்தான் இறங்கினேன்.