சிலிண்டர் முறை

ஷார்ஜா ரோலாவில் மூன்றாம் மாடி.
ஓர் அடுப்படி, இரண்டு குடும்பம்.
நாலரை முதல் ஐந்தரை எனக்கு,
பிறகு ஷோபனாவுக்கு.
உப்பு ஜாடியில்கூடப் பெயர் ஒட்டியிருக்கும்.

ஏசி ஓடும் அறையில் மாவு பொங்காது.
குளியலறையில் கவிழ்த்த வாளிமேல்
மூடி வைப்பேன்.
"பல் தேய்க்கவும் இட்லிகிட்ட
அனுமதி கேக்கணுமா?" என்பார் இத்ரீஸ்.
சிரிப்பேன்.
சில நாள் சிரிப்பு வராது.

போன சிலிண்டர் நான் வாங்கியது.
இல்லை, தான்தான் என்றாள் ஷோபனா.
சீட்டைத் தேடினோம்,
அரிசி டின்னுக்கு அடியில்கூட.
மூன்று நாள் பேச்சில்லை.
ஃப்ரிட்ஜில் அவள் தட்டு நிறையக் கறிவேப்பிலை;
நான் படியிறங்கி, வெயிலில் நடந்து,
ஒரு கட்டு வாங்கி வந்தேன்.
வீம்புக்கு விலை ஒரு திர்ஹாம்.

இன்று ஐந்து மணிக்கு
தோசையின் ஒரு பக்கம் வெந்திருக்க
தீ நீலமாய்ச் சுருங்கி
அணைந்தது.
டப்பா திறந்து கிடக்கிறது.
கம்பெனி பஸ் ஐந்தரைக்கு.
இத்ரீஸ் ஒரு காலில் மட்டும் ஷூவோடு
என்னைப் பார்க்கிறார்.

அவள் கதவு திறந்தது.
நைட்டிமேல் துண்டு,
கையில் ஒயர் தொங்கும் கரண்ட் அடுப்பு.
என் முகம் பார்க்கவில்லை.
"கல்லு இரும்புதான?
இதுல சூடாவும்."

ஒரு பக்கம் காஸில்,
மறுபக்கம் கரண்டில் வெந்த தோசை
பஸ் ஏறிப் போனது.
இரண்டாவதை இரண்டாய்க் கிழித்து
நின்றபடியே தின்றோம்,
அவள் கறிவேப்பிலைச் சட்னியோடு.

சிலிண்டர்காரனுக்கு
யார் போன் செய்வது என்பது மட்டும்
இன்னும் முடிவாகவில்லை.