பொ

நகர வானொலியின் தமிழ் நேரத்தில் கேட்டார்கள்:
இந்த யோசனை உங்களுக்கு எப்படி வந்தது?
அமலதாசன் வாய் திறந்தான். பொ… பொ…
நேரலை. மூன்று விநாடி பொறுத்தார் அந்த அம்மா.
"பொறுமைதானே?"
ம், என்றுவிட்டான்.

டவுன்ஸ்வில்லில் மழை தொடங்கினால்
ராஸ் ஆற்றோரம் ஒரே கூச்சல்.
தவளை எத்தனை தரம் கத்துகிறது, எவ்வளவு உரக்க,
எல்லாரும் அளந்தார்கள்.
இவன், ஏழு வருடம்,
அவை கத்தாத நேரத்தை அளந்தான்.
ஒலிவாங்கிக்குள் எறும்பு குடியேறியது.
அட்டவணை முழுக்கப் பூச்சியம்.
கருவி பழுதோ என்று நான்கூடக் கேட்டிருக்கிறேன்.

பள்ளியில் இடாப்புக் கூப்பிடும்போது
'உள்ளேன்' வந்து சேருமுன்
அடுத்த பெயருக்குப் போய்விடுவார்களாம்.
முன்வாங்கில் இருந்தபடியே
வராதவன் ஆன நாட்கள்.

திரும்பும் வழியில் சிவப்பு விளக்கு.
இந்தத் தடவை நான்
எதுவும் எடுத்துக்கொடுக்கவில்லை.
வைப்பர் போய் வந்தது, போய் வந்தது.

"பொறாமை" என்றான்.
"திக்காமல் கத்துதுகளே எண்டு.
பிறகு பார்த்தா,
மற்றது முடிக்கட்டும் எண்டு
ஒவ்வொண்டும் நிண்டு… நிண்டு…"

பச்சை விழுந்து எவ்வளவு நேரமோ.
பின்னால் ஒருவன்
ஹோர்ன் அடித்துக்கொண்டே இருந்தான்.